குழல் தேய்ந்தால் யாரிடம்: சேலம், நாமக்கல் சமவெளியில் இரும்பும் துப்பாக்கியும்

துப்பாக்கியின் உறுப்புகளில் உழைத்துத் தேய்வது அதன் குழல்தான். மரக்கட்டையும் விசையும் பல தலைமுறைகள் தாங்கும். மருந்து வெடிக்கும்போது எழும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் ஏற்பது குழலாதலால், அதன் உட்சுவர் அரிக்கப்பட்டு, குறி தவறத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பிளந்து சுடுபவரின் கையையே பதம் பார்க்கும். அப்படித் தேய்ந்த குழலுக்கு மாற்றுக் குழலை யார் செய்வது, யார் பொருத்துவது என்ற கேள்விக்குச் சேலம், நாமக்கல் சமவெளி கடந்த 200 ஆண்டுகளில் ஒரே விடையைச் சொல்லி வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி தொடங்கிய நாளில் ஊர்க் கொல்லரின் உலைக்களமே போதுமான விடையாக இருந்தது. இன்று உரிமம் இல்லாதவர் அந்த வேலையைத் தொடுவதே சிறைக்குரிய குற்றம். இந்த மாற்றத்துக்குக் கொல்லரின் கைத்திறன் குறைந்துபோனதைக் காரணமாகக் காட்டுவது எளிது, ஆனால் அது உண்மையன்று. இரும்பு, காடு, சட்டம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அவர் கையை விட்டுப் போயின என்பதே இந்த வட்டாரத்தின் வரலாறு.

சேலம் நகருக்கு மேற்கே எழும் கஞ்சமலையில் தொடங்கி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்கள் வரை ஆங்காங்கே தலைகாட்டும் பாறைகளில் காந்தத் தன்மை கொண்ட இரும்புத் தாது, வெண்கல் எனப்படும் குவார்ட்சுடன் வரிவரியாகக் கலந்து கிடக்கிறது. இத்தாதுவில் இரும்பின் பங்கு மூன்றில் ஒன்றைச் சற்றே தாண்டுவதால் இன்றைய பெரிய உலைகள் இதை மதிப்பதில்லை. ஆனால் பாறை சிதைந்து ஓடைகளில் அடித்து வரப்படும் கருமணலை நீரில் அலசினாலே வெண்கல் பிரிந்து, கனமான தாது அடியில் தங்கிவிடும் என்பதால், சிறிய உலைக்கு இதைவிட வசதியான தாது வேறில்லை. கொங்குப் பகுதியில் இரும்பு உருக்கும் தொழிலின் பழமையைக் கொடுமணல் அகழாய்வு காட்டியுள்ளது. முன்பு சேலம் மாவட்டத்துள் இருந்து இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ள மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாக 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆகவே துப்பாக்கி இந்த மண்ணுக்கு வந்தபோது, அதைச் செய்வதற்கான இரும்பு இங்கே புதிதாகத் தேடப்பட வேண்டிய பொருளாக இருக்கவில்லை.

அந்த இரும்பு எப்படி எடுக்கப்பட்டது என்பதைத் துல்லியமாக எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் ஜோசையா மார்ஷல் ஹீத். மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்து, பின்னர் அதை விட்டு விலகி இரும்புத் தொழிலில் இறங்கிய இவர், தென்னிந்திய இரும்பையும் எஃகையும் பற்றி 1839இல் வெளியிட்ட கட்டுரையில் உலையின் அமைப்பை விரித்துரைக்கிறார். நான்கைந்து அடி உயரத்தில், மேலே குறுகிக் கீழே அகன்று, முழுக்கக் களிமண்ணால் எழுப்பப்பட்ட அந்த உலையை இருவர் சில மணி நேரத்தில் கட்டி முடித்து மறுநாளே பற்றவைத்துவிடலாம். ஆட்டுத்தோலால் ஆன துருத்திகள் இரண்டை மாற்றி மாற்றி மிதித்தோ அழுத்தியோ ஊத, மூங்கில் முனை வழியாகக் காற்று இடைவிடாமல் உள்ளே செல்லும். மேலிருந்து தாதுவும் அடுப்புக்கரியும் மாறி மாறிக் கொட்டப்படும். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின் முன்பக்கத் திறப்பில் பூசியிருந்த மண்ணை உடைத்து, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த இரும்புப் பிண்டத்தை வெளியே இழுத்து, சூடு ஆறுமுன் மரச்சம்மட்டியால் அடித்து அதனுள் தங்கிய கிட்டத்தை, அதாவது உருகிய கல்லும் சாம்பலும் சேர்ந்த கழிவை, வெளியேற்றுவார்கள். இரும்பு முழுதாக உருகுவதில்லை என்பது இம்முறையின் இயல்பு. அதனால் விளையும் உலோகம் மென்மையானது, வளைந்து கொடுப்பது, செஞ்சூட்டில் ஒன்றோடொன்று அடித்து ஒட்டவைக்கத் தக்கது.

இந்த மெல்லிரும்பைக் கொண்டே எஃகும் ஆக்கப்பட்டது. ஹீத்தின் விவரிப்பில் மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமி கலந்து பிசைந்த களிமண் மூசையில், அதாவது உருக்கும் மண்குப்பியில் இட்டு, அதனுடன் இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு உலர்ந்த ஆவாரங் கட்டையை நறுக்கிப் போட்டு, எருக்கிலை ஒன்றிரண்டால் மூடி, வாயைக் களிமண்ணால் இறுக அடைத்துவிடுவார்கள். காய்ந்த மூசைகள் 20 முதல் 24 வரை வளைவாக அடுக்கப்பட்டுச் சிற்றுலையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காய்ச்சப்படும். ஆறிய பின் மூசையை உடைத்தால் அடியில் சிறு அப்பம்போல் ஒரு கட்டி கிடைக்கும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கோடுகள் கதிர்போல் விரிந்திருந்தால் உருக்கு நன்றாக இறங்கியது என்றும், குழிகள் விழுந்து கரடாக இருந்தால் வேக்காடு போதவில்லை என்றும் கொல்லர் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். காற்றுப் புகாத மூசைக்குள் செடியின் கரி இரும்பில் ஏறுவதுதான் இதன் நுட்பம். ஐரோப்பியர் இந்த எஃகின் மறைபொருளைக் கண்டறிய மைக்கேல் ஃபாரடே போன்ற அறிஞரை ஆய்வில் ஈடுபடுத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சேலம் நாட்டுப்புறத்தில் ஆவாரையையும் எருக்கையும் வேலியோரத்தில் பறித்து அன்றாடத் தொழிலாக இதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆயுதங்களுக்கு இந்த இருவகை உலோகமும் வெவ்வேறு இடத்தில் தேவைப்பட்டன. வாளுக்கும் கத்திக்கும் கூர்மை வேண்டுமாதலால் எஃகு வேண்டும். குழலோ வெடிப்பின் அதிர்ச்சியில் நொறுங்காமல் நெகிழ்ந்து கொடுக்க வேண்டுமாதலால் அதற்கு மெல்லிரும்பே தக்கது. கரி மிகுந்த எஃகுக்கட்டியை அப்படியே குழலாக்க முனைந்தால் சூட்டில் வெடிக்கும், தப்பித் தேறினாலும் சுடும்போது சிதறும். எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கிகள் 16ஆம் நூற்றாண்டு முதல் இந்தியாவில் பரவியபோது, உறுதியான குழல் செய்த முறை இது: இரும்புப் பட்டையைக் காய்ச்சி, உருளைக் கம்பி ஒன்றின் மேல் சுருளாகச் சுற்றி, சுற்றுகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடித்து ஒட்டுவார்கள். அக்பரின் பட்டறையில் இப்படிச் சுற்றிச் செய்த குழல்கள் நீளவாக்கில் மடித்து ஒட்டியவற்றைவிட உறுதியாக இருந்ததை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் பதிந்திருக்கிறார். நீளவாக்கில் ஒட்டிய மூட்டு வெடிப்பின் அழுத்தத்தில் அப்படியே வாய்பிளக்கும். சுருளாக ஓடும் மூட்டு அந்த அழுத்தத்தைச் சுற்றுமுழுதும் பகிர்ந்துகொள்ளும் என்பதே காரணம்.

வழுவழுப்பான உட்சுவர் கொண்ட இத்தகைய குழல் தேய்ந்தால் அதைச் சீர்செய்வது கொல்லருக்கு எட்டாத வேலையன்று. கருமருந்து எரிந்தபின் படியும் உப்புச் சாம்பல் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும்; ஆகவே அரிப்பு பெரும்பாலும் மருந்து இடும் அடிப்பகுதியிலேயே முற்றும். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே நோக்கினால், சீராக இருக்கும் இடத்தில் ஒளி முழுவட்டங்களாக அடுத்தடுத்துத் தெரியும். துரு தின்ற இடத்தில் வட்டம் உடைந்து கருநிழல் விழும். குண்டு குழலுக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டிய கட்டாயம் அன்று இல்லாமையால், துளை சற்று அகன்றாலும் ஈயக்குண்டைப் பெரிதாக வார்த்துக்கொண்டால் போதும். கலப்பையின் கொழுவும் வண்டிப் பட்டையும் அடிக்கும் உலையும் பட்டடையுமே இவ்வேலைக்கும் போதுமானவையாக இருந்ததால், துப்பாக்கிக் கொல்லர் என்று தனியொரு வகுப்பார் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டிய தேவை எழவில்லை.

ஆயுதங்கள் குறைந்த நாடாகவும் இது இருக்கவில்லை. சங்ககிரி, நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் வழியாக மைசூர்ப் படைகளும் கம்பெனிப் படைகளும் மாறி மாறிக் கடந்தன. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறின. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் நிர்வாகத்தை ஏற்றனர். தென்பாண்டிப் பாளையக்காரர் போர் முடிந்தவுடன் 1801 டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், அப்பகுதிக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டது. கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்டது சங்ககிரிக் கோட்டையில்தான். குடியானவரின் கையில் துப்பாக்கி இருப்பதை ஆட்சியாளர் ஐயத்தோடு நோக்கும் வழக்கம் அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. ஆயினும் மலையடிவாரத்தில் பயிரைப் பன்றியிடமிருந்தும் ஆட்டைச் சிறுத்தையிடமிருந்தும் காக்கும் கருவி என்ற அளவில் அது நெடுங்காலம் சகித்துக்கொள்ளப்பட்டது.

சேலத்துக் கொல்லரின் திறம் எந்த அளவுக்கு இருந்தது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த அருணாசல ஆசாரியைவிட நல்ல சான்று தேவையில்லை. வேட்டைக் கத்திகளுக்கும், குதிரைமேல் இருந்து காட்டுப்பன்றியைக் குத்தும் ஈட்டி முனைகளுக்கும் அவர் பட்டறை பெயர்பெற்றிருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளை வாங்கும் வசதியுள்ள ஆங்கிலப் படை அதிகாரிகளே அவரிடம் சொல்லிச் செய்வித்தார்கள். அவர் பெயரும் சேலம் என்ற ஊர்ப்பெயரும் ஆங்கில எழுத்தில் பொறித்த அலகுகள் இன்றும் மேலைநாட்டுச் சேகரிப்பாளரிடம் உள்ளன. தேவையும் ஊக்கமும் இருந்தால் இவ்வூர்ப் பட்டறை உலகத் தரத்தை எட்டும் என்பதை நிறுவிய பெயர் அது.

ஆனால் அந்தப் பட்டறைகளின் அடித்தளமான உள்ளூர் இரும்பு அதே நூற்றாண்டில் ஒடுங்கத் தொடங்கிவிட்டது. சேலம் தாதுவை ஐரோப்பிய முறையில் பெருமளவில் உருக்கும் நோக்கத்தோடு ஹீத் 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் ஓர் ஆலையை நிறுவினார். பின்னர் மலபார்க் கரையில் பேப்பூரிலும் கிளை எழுந்தது. அடுப்புக்கரியை நம்பிய உலைகள் சுற்றுவட்டக் காடுகளை விழுங்கின. கரிக்காக மேலும் மேலும் தொலைவு போக வேண்டியதாயிற்று. பொருளிழப்பும் கடனுமாக உழன்ற அம்முயற்சி வேறு கம்பெனியின் கைக்கு மாறி 1860களில் முடிவுக்கு வந்தது. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அதனால் பெரும்பொருள் ஈட்டியது. அவரோ 1851இல் வறுமையில் இறந்தார். அந்தக் காப்புரிமை மீதான வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 1855இல் அவர் தரப்புக்கு எதிராக முடிந்தது. சேலத்தில் எஃகைக் கற்ற ஒருவரின் அறிவு ஷெஃபீல்டை வளர்த்து, அந்த ஷெஃபீல்டின் மலிவு எஃகு கப்பலேறி வந்து சேலத்து உலைகளை அணைத்தது என்பது இந்தத் தொழிலின் வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க திருப்பம்.

அந்த மலிவு எஃகு உள்நாட்டுக்குள் வரும் வழியை 1860களின் தொடக்கத்தில் சேலத்தை எட்டிய ரயில்பாதை திறந்துவிட்டது. 1856இல் பெசமர் கண்ட முறையால் எஃகின் விலை உலகெங்கும் சரிந்தது. 1882இல் வந்த மதராஸ் வனச்சட்டம் சேர்வராயன், கொல்லிமலைக் காடுகளைக் காப்புக்காடுகளாக வரையறுக்க வழிசெய்ததும், அதுவரை கேட்பாரற்று வெட்டிய கரிக்கட்டைக்குக் கட்டணமும் அனுமதியும் தேவைப்பட்டன. புவியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து 1892இல் சேலம் மாவட்டத்தின் இரும்புத் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தபோது, அத்தொழில் தேய்ந்துவந்தது. கொல்லர்கள் மறையவில்லை; ஆனால் அவர்கள் அடித்த இரும்பு சந்தையில் வாங்கிய சீமை இரும்பாகிவிட்டது.

இதே காலத்தில் துப்பாக்கியும் மாறியது. ரைஃபிள் எனப்படுவது, குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் நுண்ணிய வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கி. அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு குண்டு பம்பரமாகச் சுழன்று வெளியேறுவதால் நெடுந்தொலைவு நேராகச் செல்கிறது. 1857 கிளர்ச்சியோடு பெயர் இணைந்துவிட்ட 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. பின்னர் வந்த தோட்டா ரைஃபிள்களின் குழலில் முதலில் தேய்வது, தோட்டா அமரும் அறையை அடுத்த தொண்டைப் பகுதி. மருந்தின் கொதிவாயு ஒவ்வொரு முறையும் அங்கே எஃகைச் சுட்டுச் சிறுசிறு வெடிப்புகளை உண்டாக்கி, பள்ளங்களின் விளிம்பைக் கரைத்துவிடும். கருமருந்துக்குப் பதிலாக 1890களில் புகையில்லா மருந்து வழக்குக்கு வந்ததும் வெப்பமும் அழுத்தமும் பெரிதும் கூடி, கொல்லர் சுற்றி ஒட்டிய குழல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமற் போயிற்று. ஒரே வார்ப்பில் எடுத்த எஃகுக் கோலை நேர்கோடாகத் துளைத்து, அளவு பிசகாமல் பள்ளம் வெட்டும் பொறிகள் தொழிற்சாலையில் மட்டுமே இருந்தன. ஐரோப்பாவிலும் சுருட்குழல் செய்த கைவினைஞர்கள் இதே கதியை அடைந்தார்கள். அத்தொழிலுக்குப் பெயர்போன பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அது முதல் உலகப்போரோடு ஏறத்தாழ நின்றுபோயிற்று.

தேய்ந்த ரைஃபிள் குழலைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது திருகாணி மாற்றும் வேலையாகத் தோன்றலாம். உண்மையில் தோட்டாவின் பின்புறத்துக்கும் அதைத் தாங்கும் பூட்டுக்கும் இடையேயான இடைவெளி, காகிதத் தடிப்பு அளவுக்குள் சரியாக அமைய வேண்டும். மிகுந்தால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் பாயும். ஆகவே குழல் மாற்றிய துப்பாக்கியை மிகையான மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடுவார்கள். குழல்களை இப்படிச் சோதிக்கும் வழக்கம் தோட்டா ரைஃபிளைவிடப் பழையது: லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இலும், பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813இலும் தோன்றின. படைகளில் குழல் மாற்றும் வேலையை ஆர்மரர் எனப்படும் பயிற்சிபெற்ற ஆயுதப் பணியாளரைத் தவிர வேறெவரும் தொடுவதில்லை.

சட்டம் இந்தப் பிரிவினையை மேலும் இறுக்கியது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம், ஆயுதம் வைத்திருக்கவும் செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விதிகளின் வழியே விலக்களித்தது. கைத்தொழிலாக இருந்த ஒன்று அனுமதிக்குரிய செயலாயிற்று. மதராசில் 1887இல் கூடிய மூன்றாம் காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 1930 ஜனவரியில் காந்தியடிகள் முன்வைத்த 11 கோரிக்கைகளுள் தற்காப்புத் துப்பாக்கி உரிமமும் ஒன்று. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாட்டுக்கு இடம் தரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் இல்லை. அதன் 5ஆம் பிரிவின்படி செய்வது, விற்பது மட்டுமன்றி மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதிப்பது ஆகிய யாவற்றையும் உரிமம் பெற்றவரே தொழிலாக நடத்தலாம். 2019இல் செய்த திருத்தத்துக்குப் பின் இதை மீறி ஆயுதம் செய்பவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, கூடினால் ஆயுள். உயிரைப் பறிக்கும் கருவியில் இத்தகைய கண்டிப்பு நியாயமானதே. கொல்லரின் வரலாற்றை எழுதும்போது அதன் விளைவையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே இங்கு வேண்டுவது.

அந்த விளைவு மலைகளில் இன்றும் தெரிகிறது. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை ஆகியவற்றில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே வாய்வழியாக மருந்திடும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தது. 1959 சட்டத்தின் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை குற்றமான பிறகு, அந்த உரிமத்தைப் புதுப்பிப்பதும் குழல் தேய்ந்தால் முறைப்படிச் சீர்செய்வதும் அருகிப்போயின. உரிமமின்றி எஞ்சியவை கள்ளத் துப்பாக்கி என்ற பெயரைப் பெற்றன. தண்ணீர்க் குழாயையும் வண்டி உதிரிப் பாகங்களையும் கொண்டு மறைவில் ஒட்டவைத்த குழல்கள் வெடித்து விரல் இழந்தவர்களும், மின்வேலியும் துப்பாக்கியும் கலந்த இரவு வேட்டையில் உயிர் இழந்தவர்களும் உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டக் காவல்துறை, வழக்கு இல்லை என்ற உறுதியோடு அவற்றை ஒப்படைக்கும்படி மலைக் கிராமங்களில் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் கட்டுக்கட்டாக அவை ஒப்படைக்கப்படுவதும் நடக்கிறது.

முறையான குழல் வேலையோ சமவெளிக்குச் சற்றுத் தெற்கே நகர்ந்துவிட்டது. திருச்சிராப்பள்ளியில் 1966இல் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை, பாதுகாப்புப் படைகளுக்கான ரைஃபிள்களைச் செய்து வருகிறது. கஞ்சமலை அடிவாரத்தில் 1970இல் அடிக்கல் நாட்டி, 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைச் செய்கிறது. உருக்காலைக் கோரிக்கை தாது வளத்தைச் சொல்லியே எழுந்த ஒன்று எனினும், தலைக்கு மேலே நிற்கும் மலையின் தாது அதன் உலைக்கு வந்து சேரவில்லை.

மலையிலிருந்து ஒப்படைக்கப்படும் பழந்துப்பாக்கிகள் நீதிமன்ற ஆணைப்படி அழிக்கப்படும் முன், அவற்றுள் முதுமையானவற்றின் குழலில் சிறு வளையம் ஒன்றை வெட்டி நுண்ணோக்கியில் நோக்க அரசு அருங்காட்சியகமோ பல்கலைக்கழகமோ ஏற்பாடு செய்தால் பெரும்பயன் விளையும். களிமண் உலையில் பிறந்த இரும்பில் சம்மட்டி வெளியேற்றத் தவறிய கிட்டம் மெல்லிய கருநூல்களாக நீண்டு கிடக்கும். உருக்கி வார்த்த எஃகுக் குழாயில் அந்த நூல்கள் இரா. கருநூல்கள் நேராக ஓடினால் அது நீளவாக்கில் ஒட்டிய குழல். சாய்ந்து சுற்றினால் சுருளாகச் சுற்றிய குழல். சேலம் கொல்லர் எந்த இரும்பை எம்முறையில் குழலாக்கினார், எந்தத் தலைமுறையில் சந்தை எஃகுக்கு மாறினார் என்ற விவரம் ஆவணங்களைவிட அந்த வளையங்களில்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது.